பதினெட்டாம் எண் தகடு

மூன்று நாள் பயணத்துக்கு ஒரு பெட்டி போதும் என்பது என் அபிப்பிராயம். என் மனைவி இரண்டு எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டாவது பெட்டியை நேற்று உங்கள் பெண் காவலர் திறந்து பட்டியல் போட்டபோது நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பை நிறையக் கிளிஞ்சல், யாரோ கொடுத்த ஊறுகாய் பாட்டில், மூன்று தொப்பிகள். இருப்பது ஒரு தலை. அதற்கு எதற்கு மூன்று தொப்பி என்று கேட்க இப்போது வழியில்லை.

ஐயா, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கோடு போடாத தாளைக் கொடுத்திருக்கிறீர்கள்; வரிகள் ஏறி இறங்கினால் அது என் குற்றமல்ல. மற்றவை என் குற்றம்தான். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் நகரப் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை எழுத்தர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. இருபத்தேழு வருடம் ஆகிறது. ஓட்டுநர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை மணிக்கூண்டு என்பார்கள். தைரியசாலிகள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எனக்கு வருத்தமில்லை. மணிக்கூண்டு ஊருக்குப் பயன்படுகிற பொருள், ஓட்டுநர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

என் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவர்கள் பதில் பேச முடியாது. அவளுக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகத்தை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவள் பேச்சு நிற்கட்டும், கிளம்பலாம் என்று நான் காத்திருந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் இன்னொரு பட்டப்படிப்பு முடித்திருக்கலாம். அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது என்பார்களே, என் இல்லறம் அதுதான்.

இந்தப் பயணம் அவள் தங்கையின் யோசனை. "ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்களேன் மாமா, அக்கா முகமே வாடிப்போச்சு" என்றாள். முகம் வாடியதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாவிட்டாலும் விடுப்பு எடுத்தேன். அட்டவணை போட்டேன். முதல் நாள் துறைமுக நகரம். இரண்டாம் நாள் கோட்டை இருக்கும் ஊர். மூன்றாம் நாள் கலங்கரை விளக்கம் இருக்கும் சிற்றூர். நான்காம் நாள் காலை ஆறு நாற்பதுக்குத் திரும்பும் ரயில். மூச்சு வாங்க நேரம் இல்லை என்று என் மேல் பழி வரக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் 'சும்மா நிற்க' என்று தனியாகவே எழுதியிருந்தேன்.

அந்தத் தாள் முதல் நாள் மதியமே செத்துப்போனது. உணவு விடுதியில் மீன் முள்ளை எடுத்து வைக்க அவளுக்கு வேறு காகிதம் கிடைக்கவில்லையாம்.

கடல் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அதில் இருபத்தைந்து நிமிடம் வாசலில் சீட்டுக் கொடுக்கிற பெண்ணின் கடைவாய்ப் பல்லுக்குப் போயிற்று. இரண்டாம் நாள் கோட்டைக்குப் போக வேண்டிய பேருந்தை விட்டுவிட்டு, எதிரில் நின்ற இன்னொன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். காரணம், "அதுல ஜன்னல் சீட்டு காலியா இருந்துச்சுங்க." அது எங்களைக் கொண்டுபோய் இறக்கிய ஊர் என் அட்டவணையில் மட்டுமல்ல, யாருடைய அட்டவணையிலும் இருக்காது. அங்கே படகு கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. தச்சர்கள் பலகையை நெருப்பில் காட்டி வளைப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். ஒரு முழு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளால் பேசாமல் இருக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த ஊர் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சிற்றூர் விடுதியில் விடுதிக்கார அம்மாள் பலகாரம் பரிமாறினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். உடனே என் மனைவி அவரிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் கடிகாரத்தைத்தாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டார். நான் அதோட ஓசியில வந்த வார்."

விடுதிக்கார அம்மாள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். இரண்டு வினாடி போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

அந்த அம்மாள் உள்ளே போனதும் என் மனைவி, "ஏங்க, நாளைக்கு நீங்க கிளம்புங்க. நான் ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா என்ன சொல்றது? நல்லா இருக்கு. அவ்வளவுதான்."

"நான் இல்லாமயா?"

அவள் கோபப்படவில்லை. நோயாளிகளிடம் கொஞ்சம் வலிக்கும் என்று சொல்கிற அதே குரலில், "நீங்க இல்லாமதாங்க" என்றாள்.

இது என்னைப் பாதிக்கவில்லை. வழியில் ஏதாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இனி கலங்கரை விளக்கம். அது கரையிலிருந்து தள்ளி ஒரு பாறைமேல் நிற்கிறது. போவதற்குக் கல் பாவிய பாதை உண்டு, நடந்தால் ஆறு நிமிடம். கடல் ஏறும்போது பாதை முங்கிவிடும். கரைப் பக்கம் ஒரு கதவு, கதவை ஒட்டிக் காவலாளியின் கொட்டகை, கொட்டகைச் சுவரில் நாற்பது ஆணி அடித்த பலகை. ஒவ்வொரு ஆணியிலும் எண் பொறித்த தகரத் தகடு தொங்கும். போகிறவர் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். பாதை முங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது காவலாளி பலகையைப் பார்ப்பார். நாற்பதும் இருந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் மணி அடிப்பார், அந்த ஆள் வந்து சேரும் வரை அடித்துக்கொண்டே இருப்பார்.

"பதினோரு வருஷமா ஒரு உசுரைக்கூட விட்டதில்லைங்க. நான் மூஞ்சியை நம்ப மாட்டேன், தகடைத்தான் நம்புவேன்" என்றார் அவர். அவரைக் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. மூன்று நாளில் நான் சந்தித்த முதல் விவரமான மனிதர்.

எங்களுக்குப் பதினேழும் பதினெட்டும் கிடைத்தன. "நான் தொலைச்சுடுவேன், நீங்களே வைங்க" என்று தன்னுடையதை என் கையில் கொடுத்தாள். பயணச்சீட்டு, அறைச் சாவி எல்லாம் எப்போதும் என்னிடம்தான் இருக்கும். அவளுடைய கைப்பையும் கைப்பேசியோடு என் தோளில்தான் தொங்கியது. நல்ல கணவன் என்று விடுதிக்கார அம்மாள்கூடச் சொன்னார்.

கலங்கரை விளக்கம் பூட்டியிருந்தது. பின்புறம் கடலைப் பார்த்து ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அங்கிருந்து கரையும் தெரியாது, பாதையும் தெரியாது. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். ஐந்து ஐம்பதுக்குப் பாதை முங்கும் என்று பலகையில் எழுதியிருந்ததால் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு மணி அடிக்க வேண்டும். நான் நான்கு நாற்பத்தாறுக்கு எழுந்தேன். நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கரையில் இருந்தேன்.

காவலாளி குனிந்து பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பதினேழை மாட்டினேன். பதினெட்டையும் மாட்டினேன். அது கொஞ்சம் கோணலாகத் தொங்கியதால் நேராக்கினேன். எல்லாம் சேர்த்து நான்கு வினாடி இருக்கும்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் எழுந்து, விரலால் ஒவ்வொரு தகடாகத் தொட்டு நாற்பது வரை எண்ணினார். "சரியா இருக்குங்க" என்றார். முகத்தை நம்பாதவர் ஆகையால் எந்த முகத்தையும் தேடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

நான் விடுதிக்கு நடந்தேன். குளித்தேன். "அம்மா எங்கங்க?" என்று விடுதிக்கார அம்மாள் கேட்டார். "கடலைப் பார்த்துட்டு இருக்கா. கிளம்ப மனசு வரலை" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறரைக்குச் சாப்பாடு. சாப்பிட்டேன். ஏழு ஐந்துக்கு, இன்னும் காணோமே, கொஞ்சம் கவலையாக இருக்கிறது என்று சொன்னேன். அந்த அம்மாள் வெறுங்காலோடு கரைக்கு ஓடினார். நான் காலணி மாட்டிக்கொண்டு போனேன். கரையில் நின்று அவர் என் மனைவியை அழைத்துக் கத்திய கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது. மூன்று நாள் பழக்கம்கூட இல்லை. என் மனைவி மனிதர்களை அப்படித்தான் கெடுத்து வைப்பாள்.

முங்கிய பாதையில் இறங்கி நடக்கப் பார்த்திருக்கிறாள் என்று நீங்கள் சொன்னீர்கள். மறுநாள் காலை படகுகள் அவள் உடலைக் கண்டுபிடித்தன. எல்லோரும் விபத்து என்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் பேசாமல் ஊருக்குப் போயிருக்கலாம்.

ஆனால் காவலாளியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தப்பாக எண்ணிவிட்டாராம். நேற்று முன்தினம் இந்த நிலையத்தின் வாசலில் உட்கார்ந்து, "நாப்பது இருந்துச்சுங்க, தொட்டுத் தொட்டு எண்ணினேங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. விதிப்படி நடந்த ஒரு மனிதனைப் பார்த்துக் கணக்குத் தெரியாதவன் என்பதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் எண்ணியது சரி. நாற்பதும் இருந்தன. அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்காகத்தான் நானாக வந்து உங்கள் முன் உட்கார்ந்தேன்.

நீங்கள் நல்லவர். எல்லாச் சீட்டையும் நீங்களே வைத்திருக்கிற பழக்கத்தில் இரண்டையும் மறதியாக மாட்டிவிட்டீர்கள் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். இருபத்தேழு வருடத்தில் மறதி என்ற காரணத்தை எந்த ஓட்டுநரிடமிருந்தும் நான் ஏற்றுக்கொண்டதில்லை. என்னிடமிருந்து மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

மாட்டினால் மணி அடிக்காது என்று தெரிந்துதான் மாட்டினேன். மணி அடிக்காவிட்டால் அவள் எழுந்து வர மாட்டாள் என்பதும் தெரியும். கிளம்பும்போது நான்தான் அவளிடம், "நான் முன்னால போறேன். நீ ஆற அமர உட்காரு. மணி அடிக்கிற வரைக்கும் அசையாதே" என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்பட்டு, என்றைக்கும் இல்லாமல் என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்ங்க" என்றாள்.

ஒரு படகுக்காரரின் சாட்சியை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஐந்தரை மணிக்கு அந்தப் பக்கமாகப் போனவர், "தண்ணி ஏறுது, கிளம்பலையாம்மா?" என்று கத்திக் கேட்டிருக்கிறார். அவள் கையை ஆட்டி, "மணி அடிக்கட்டுங்க. அதுவரைக்கும் உட்காரச் சொல்லியிருக்கார் எங்க வீட்டுக்காரர்" என்றிருக்கிறாள்.

அதை வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தீர்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நான் சொன்ன ஒரே சொல்லுக்காகத் தண்ணீர் ஏற ஏற அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். என்னை வேண்டாம் என்று நினைத்தவளாக இருந்தால் அப்படி உட்கார்ந்திருப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.