நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

அதிகாரி: ஏழு வயசுப் பொண்ணு, நாலே மாசத்துல இந்தப் பயிற்சிப் புத்தகத்துல நூத்திப் பன்னெண்டு பக்கம் எழுதி முடிச்சிருக்காளா?

அப்பா: அவ வேகம் அப்படி மேடம். நிறுத்தறதுதான் கஷ்டம்.

அம்மா: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

அதிகாரி: வீட்லயே படிக்கிறதுக்குப் பாடத்திட்டம் தேர்ந்தெடுத்தது யாரு?

அம்மா: ரெண்டு பேரும்தான். இவருக்கு மணியடிச்சுப் பாடம் நடத்தணும். எனக்கு விளையாட்டுப் போக்குல சொல்லிக் குடுக்கணும்...

அப்பா: அந்தச் சண்டையிலயே மூணு மாசம்...

அம்மா: ஆலோசனையில.

அதிகாரி: அப்ப மிச்சம் ஒரே மாசத்துல நூத்திப் பன்னெண்டு பக்கம்.

அப்பா: அதான் சொன்னேனே மேடம்... வேகம்.

அதிகாரி: உலக உருண்டை, வரைபடம், இதெல்லாம்?

அம்மா: விலை கட்டுப்படியாகல. ஒரு பூசணிக்காய்ல கடலும் கண்டமும் வரைஞ்சோம்.

அப்பா: போன வாரம் இவ பாதி உலகத்தக் கூட்டு வச்சிட்டா.

அதிகாரி: இதோ பாருங்க. பாடம் நடந்ததுக்கு அத்தாட்சி இல்லன்னா, திங்கக்கிழமை பாப்பா பள்ளிக்கூடம் போயாகணும்.

அம்மா: வேணாம் மேடம். அங்க ஒரு வருஷம் அவ வாயே திறக்கல. இப்பக் கேளுங்க... உள்ள மீதிப் பூசணிக்காய்க்குப் பாடம் நடத்திட்டிருக்கா.

அதிகாரி: கேக்குது... ஆனா இந்தக் கையெழுத்து...

அப்பா: முத்து முத்தா இருக்கில்ல? குடுங்க, அவ கட்டுரைய நானே படிச்சுக் காட்டறேன். 'என் அம்மா. என் அம்மா ஓர் அதிகாரி...'

அம்மா: நான் தையல்காரி.

அப்பா: வீட்ல அதிகாரம் யார் கையில? குழந்தை சரியாத்தான் எழுதியிருக்கா. 'அவர் வீடு வீடாகச் செல்வார்...'

அம்மா: ஆமா மேடம், அளவெடுக்கப் போவேன்.

அப்பா: '...வீட்டில் படிக்கும் பிள்ளைகளைச் சோதிப்பார். நானும் வீட்டில்தான் படிக்கிறேன். இது அம்மாவின் அலுவலகத்துக்குத் தெரியாது...'

அம்மா: ஏங்க... வாங்கினப்ப ஒரு தடவையாவது படிச்சுப் பாத்தீங்களா?

அப்பா: பாதி விலைன்னான், வாங்கிட்டேன்.

அம்மா: மேடம், மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. இது பழைய பேப்பர் கடையில வாங்கினது. யாரோ எழுதி முடிச்ச புத்தகம். எங்க பொண்ணு இதுல ஒரு எழுத்துகூட எழுதல.

அதிகாரி: ...தெரியும். அறிக்கையில கையெழுத்து போட்டுட்டேன், பாப்பா இங்கயே படிக்கட்டும். அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுக் குடுத்துடுங்க. என் பையன் என்ன எழுதி வச்சிருக்கான்னு பாக்காம எடைக்குப் போட்டது என் தப்பு.