தவறியது யாருடைய நான்கு இலக்கம்

25.10.1999 திங்கட்கிழமை, காவல் உதவி ஆய்வாளர் முன்னிலையில் நான் சொல்ல, தலைமைக் காவலரால் எழுதப்பட்டது.

பெயர் நீரஜா. வயது 32. தகப்பனார் பெயர் பஞ்சாபகேசன், காலமாகிவிட்டார். விலாசம், சித்திரைக்குளம் கீழவீதி, மயிலாப்பூர். தொழில், அடையாறு காந்தி நகரில் உள்ள தனியார் நிறுவனத்தில் பொறியாளர்.

நான் மேற்படி விலாசத்தில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். எங்கள் நிறுவனத்தை நடத்துபவர் திரு. வெங்கடரமணன். நகைக்கடைகளின் தங்க அறைக்கு, எண்ணை அழுத்தித் திறக்கும் மின்னணுப் பூட்டு செய்து கொடுக்கிறோம். இந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது, எட்டு இலக்க எண்தான் சாவி. அந்த எண், கதவின் உள்பக்கம் இரும்பு மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய சில்லில் பதிந்திருக்கும். அந்தச் சில்லு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நிரல் எழுதுவது என் வேலை. எழுதியதைச் சோதிப்பதும் கடைக்குப் போய்ப் பொருத்துவதும் இறந்துபோன ஷரஃபுதீனின் வேலை. அவருக்கு ஐஸ் ஹவுஸ் பக்கம் வீடு, மனைவி பெயர் கைசர் ஜஹான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவருக்கு ஆஸ்துமா உண்டு. வாயில் வைத்து அழுத்தும் ஸ்ப்ரே ஒன்றை எப்போதும் கருவிப் பையில் வைத்திருப்பார்.

சில்லு பற்றி விவரம் கேட்கப்பட்டதால் சொல்கிறேன். எங்கள் பழைய சில்லு, அழுத்திய எண்ணை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடும். முதல் தவறு வந்த இடத்தில் நின்றுவிடும். அப்படி அது வேலை செய்கையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை ஆஸிலோஸ்கோப் என்ற கருவியின் திரையில் கோடாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சரியான இலக்கத்துக்கும் கோட்டில் ஒரு மேடு கூடும். கதவைத் தொடாமல், வெளியே வரும் மின்கம்பியில் கருவியை மாட்டி, மேடுகளை எண்ணியே முழு எண்ணையும் கண்டுபிடித்துவிடலாம். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், சில்லே உளறிவிடும். இதுபோல நடக்கும் என்று வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றில் படித்து, ஷரஃபுதீனிடம் சொன்னேன். அவர் எங்கள் பூட்டையே எடுத்து வைத்து, வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் திறந்து காட்டினார்.

அதன் பிறகு நிரலை முழுவதும் மாற்றினேன். புதிய சில்லு எட்டு இலக்கத்தையும் கடைசி வரை ஒப்பிடும், எதை முதலில் பார்ப்பது என்பதை ஒவ்வொரு தடவையும் கலைத்துக்கொள்ளும், நடுநடுவே தேவையில்லாத கணக்குகளைப் போட்டுக்கொண்டிருக்கும். எண் சரியானாலும் தவறானாலும் ஒரே நேரம்தான் எடுக்கும். மூன்று தடவை தவறினால் பத்து நிமிடம் எதையும் ஏற்காது. எந்தப் பூட்டையும் திறக்க நிறுவனத்துக்கென்று வைத்திருந்த பொது எண்ணையும் எடுத்துவிட்டேன். புதிய சில்லை உடைத்துப் பார்க்கும்படி ஷரஃபுதீனிடம் கொடுத்தேன். ஆடி மாதம் முழுவதும் முயன்று தோற்றார். தோற்ற அன்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சம்பவம் நடந்த கடை, தி. நகர் பாண்டி பஜார் அருகே அண்ணன் சுப்புராயன், தம்பி கோதண்டம் இருவரும் சேர்ந்து நடத்தும் நகைக்கடை. தகப்பனார் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. ஒரே கல்லாவுக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவர் கணக்குப்பிள்ளை மூலம் சொல்லி அனுப்புவார்கள். எட்டு இலக்கத்தில் முன்பாதி நான்கை அண்ணனும் பின்பாதி நான்கைத் தம்பியும் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அழுத்தும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி வைக்கலாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னோம். கடை மூடும்போது எவனாவது உள்ளே ஒளிந்துகொண்டால் என்ன செய்வது என்று சுப்புராயன் மறுத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தம்பியும் அண்ணன் சொன்னதே சரி என்றார்.

22.10.1999 வெள்ளிக்கிழமை காலை அந்தக் கடையின் பழைய சில்லை மாற்ற ஷரஃபுதீன் தனியாகப் போனார். அங்கே நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சகோதரர்கள் சொல்லியும் கதவுக்கு அப்பாலிருந்து ஷரஃபுதீன் சொல்லியும் அறிந்தேன். அவர் கதவைத் திறந்து வைத்து சில்லை மாற்றியிருக்கிறார். அதன் பிறகு சகோதரர்கள் வழக்கப்படி ஒருவர் பின் ஒருவராகப் புதிய எண்ணைப் பதித்திருக்கிறார்கள். இதற்கு அடுத்து, கதவு திறந்திருக்கும்போதே தாழ்களை நீட்டி, எண்ணை அழுத்தி மடக்கிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் ஒருவர் டார்ச்சுடன் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லி, தாழ்கள் குழிக்குள் முழுதாக இறங்குகின்றனவா என்று பார்ப்பது எங்கள் முறை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் ஒரு தடவை சாத்தித் திறந்துவிட வேண்டும் என்று சுப்புராயன் அவசரப்படுத்தியதால், முதல் சோதனையை விட்டுவிட்டு ஷரஃபுதீன் நேராக உள்ளே போயிருக்கிறார். தங்க அறைக்குள் போகிறவர் பையை வெளியே வைத்து, சட்டைப் பையையும் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது கடை விதி. பையும் ஸ்ப்ரேயும் வெளியே நின்றுவிட்டன. கையில் டார்ச் மட்டும் இருந்தது.

கதவைச் சாத்தியதும் அண்ணன் தன் நான்கையும் தம்பி தன் நான்கையும் அழுத்தியிருக்கிறார்கள். திறக்கவில்லை. மூன்று தடவை ஆனதும் பூட்டு பத்து நிமிடம் அடைத்துக்கொண்டது. தப்பு உன்னுடையது என்று ஒருவர், உன்னுடையது என்று மற்றவர். அன்றுதான் பல வருடங்களுக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள் என்று கணக்குப்பிள்ளை என்னிடம் சொன்னார்.

அலுவலகத்துக்கு போன் வந்ததும் நான் ஆஸிலோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் புறப்பட்டேன். தீபாவளிக் கூட்டத்தால் உஸ்மான் ரோடு அடைத்துக் கிடந்தது. பனகல் பார்க் அருகே இறங்கி, கருவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அது ஒரு பத்துப்படி அரிசி மூட்டை கனம் இருக்கும். நடக்கும்போது என் மனதில் இருந்தது ஒன்றுதான். இருவரில் யார் தவறு என்று தெரிந்துவிட்டால் போதும், அவரிடம் மட்டும் நிதானமாகக் கேட்டு, எந்த இலக்கத்தை மாற்றி அழுத்தினார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

கதவின் கீல் பக்கம் காதை வைத்தால் அவர் பேசுவது கேட்டது. நான் வந்துவிட்டேன் என்றும் கருவி கொண்டு வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அதற்கு அவர் சொன்னது:

"ஸ்கோப்ப இன்னாத்துக்கு மேடம் தூக்கினு வந்தீங்க. உள்ள கீறது நம்ம புது சில்லு. அது ஒண்ணும் சொல்லாது. கட்டருக்கு ஆள் அனுப்புங்க."

எனக்கு அது தெரியாமல் இல்லை. சில்லு மாற்றத்தான் அவர் போனார் என்பதும் தெரியும். இருந்தும் கை பழக்கத்தில் எடுத்துவிட்டது.

கதவை வெட்டச் சொன்னேன். நெருப்பில் தங்கம் பாழாகும், இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று சுப்புராயன் சொன்னார். நான் சத்தம் போட்ட பிறகு, வடபழனியில் சினிமா செட்டுக்கு இரும்பு வேலை செய்யும் பட்டறைக்கு போன் செய்தார்கள். அதற்கிடையில் பூட்டு மறுபடி எண்ணை ஏற்கும் நிலைக்கு வந்தது. நான் கம்பியில் கருவியை மாட்டி இருவரையும் அழுத்தச் சொன்னேன். கோட்டைப் பார்த்தேன். அதன் பிறகு அண்ணனை மட்டும் அவருடைய நான்கை மாற்றி அழுத்தச் சொன்னேன், அதன் பிறகு தம்பியை. மூன்று கோடும் ஒன்றுபோல இருந்தன. எங்கும் ஒரு மேடு கூடவில்லை, குறையவில்லை. பூட்டு மறுபடியும் அடைத்துக்கொண்டது. மின்சாரத்தை நிறுத்தினால் என்ன என்று கோதண்டம் கேட்டார். உள்ளே பேட்டரி இருக்கிறது, மின்சாரம் போனால் திறந்துகொள்ளும் பூட்டை நீங்களே வாங்கியிருக்க மாட்டீர்கள் என்றேன்.

உள்ளே ஷரஃபுதீன், மூடி கழன்றால் தாழைக் கையால் மடக்கிவிடலாம் என்று, டார்ச்சின் வளையத்தால் பெட்டி மூடியின் திருகுகளைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உரசல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் பிறகு அது நின்றது. அவர் மூச்சு இழுக்கும் சத்தம் வந்தது. "பை அங்கதான கீது" என்றார். ஆமாம் என்றேன். பை என் காலடியில் இருந்தது. ஸ்ப்ரேயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கதவில் ஒரு பொட்டு இடைவெளி கிடையாது. காற்று புகாத அளவுக்குப் பொருந்துகிறது என்று முன்பு சான்றிதழ் கொடுத்தவர் அவர்தான். கடைசியாக, "கைசர் கிட்ட நீங்களே சொல்லுங்க மேடம், இவங்க ரெண்டு பேரையும் அனுப்பாதீங்க" என்றார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை.

வெட்டும் ஆள், கேஸ் சிலிண்டரை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வைத்துக் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் வேலையைத் தொடங்கினார். கதவு திறந்தபோது ஷரஃபுதீன் கதவில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். மூடியின் திருகுகளில் ஒன்று மட்டும் மீதி இருந்தது. அரசு மருத்துவமனையில் பார்த்து, உயிர் இல்லை என்றார்கள். ஸ்ப்ரே அப்போதும் என் கையில்தான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அம்மா அதற்குத்தான் பயப்படுகிறாள்.

அவர் மனைவி கைசர் ஜஹானிடம் நானே சொன்னேன். நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "யார் நம்பரு தப்பு?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். தெரியாது என்றேன். "நீதானே அத்த செஞ்ச" என்றார்.

உதவி ஆய்வாளர் அவர்களும் யார் எண் தவறு என்றே கேட்கிறார். தவறு எதிராளியுடையதே என்று இருவரும் சத்தியம் செய்கிறார்கள் என்றும், தவறியது யார் என்று சில்லிடமிருந்து தெரிந்தால் வழக்கு ஒரு பக்கம் நிற்கும் என்றும் சொல்கிறார். சில்லு வெட்டும்போது சேதமாகவில்லை. கைப்பற்றப்பட்டு நிலையத்தில் உள்ளது. எண்ணும் அதற்குள் அப்படியே உள்ளது. பிரித்துப் படிக்க முயன்றால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். யார் கேட்டாலும், காவல்துறை கேட்டாலும், நான் கேட்டாலும், அது சொல்லாது. சொல்லக் கூடாது என்றுதான் செய்தேன்.

சனிக்கிழமையிலிருந்து அலுவலகத்தில் அதே வகைச் சில்லு ஒன்றை மேசையில் வைத்து, ஷரஃபுதீன் உட்கார்ந்த பக்கம் உட்கார்ந்து, என் வேலையில் எங்காவது ஒரு ஓட்டை இருக்குமா என்று தேடி வருகிறேன். கைசர் ஜஹானுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடுகிறேன். திரு. வெங்கடரமணன் வீட்டுக்குப் போகச் சொல்கிறார், போகவில்லை. இந்த நேரம் வரை ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. வேலை சரியாகவே செய்யப்பட்டிருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டியதில் கூட்டியதும் குறைத்ததும் இல்லை. இதில் கண்டவை யாவும் நான் அறிந்த வரை உண்மை.

(ஒப்பம்)
ப. நீரஜா