சிரிப்புக்குப் பத்து மார்க்

– அப்பா செத்துட்டாருன்னா சொன்னீங்க? வாய் கூசலையா உங்களுக்கு?

– நானா சொல்லல பிளசி, கம்பெனி சொல்லச் சொல்லிச்சு. இந்தத் தடவ குடுத்த வேசம் அது. 'அப்பா எறந்துட்டாரு, அவரு கணக்க எப்படி முடிக்கறது'ன்னு பேங்க்ல போய்க் கேக்கணும். கவுன்டர்ல இருக்கறவங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு பாத்து மார்க் போடணும். ரூல்ஸ்னா ரூல்ஸுதான்.

– வேவு பாக்கற வேலைன்னு நேரா சொல்லுங்க.

– மிஸ்டரி ஷாப்பர்.

– ஏதோ ஒரு கருமம். உக்காந்து காப்பியக் குடிங்க. எதுக்கு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டே கெடக்கறீங்க?

– சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும். கை வர மாட்டேங்குது.

– ஏன், அந்தக் கவுன்டர்காரி மொகத்துல அடிச்சாப்ல பேசிட்டாளா?

– அய்ய, இல்ல. கனிமொழின்னு சின்னப் பொண்ணு. எந்திரிச்சு வந்து சேர் போட்டுச்சு, தண்ணி குடுத்துச்சு. என்னென்ன கொண்டாரணும்னு பொறுமையா சொல்லிச்சு. 'எங்கப்பாவும் போன ஆடியிலதாங்க சார் போனாரு'ன்னு கண்ணத் தொடச்சுக்கிச்சு.

– அப்பறம் என்ன? முழு மார்க்கப் போட்டு அனுப்புங்க.

– அதான் முடியல. 'சிரிச்ச மொகமாப் பேசினாங்களா'ன்னு ஒரு கேள்வி இருக்குது. பத்து மார்க். அந்தப் பொண்ணு ஒரு தடவகூட சிரிக்கல.

– ஏசுவே! அப்பன் செத்துட்டான்னு வந்து நிக்கறவன்கிட்ட எவ சிரிப்பா?

– எனக்குத் தெரியாதா? ஆனா அதுல ஆமாம், இல்ல, ரெண்டுதான். அது ஒண்ணுக்கு இல்லன்னு போட்டாலே மொத்தமும் ஃபெயிலு. கான்ட்ராக்ட்ல இருக்கற பொண்ணு, மறுபடி எடுக்க மாட்டாங்க.

– அப்ப ஆமாம்னு போடுங்க.

– பொய்யி எழுதச் சொல்றியா?

– காலையில கூசாம அப்பனையே சாவடிச்சுட்டு வந்தீங்க. இப்ப மட்டும் உண்மை பொத்துக்கிட்டு வருதா?

– இன்னொண்ணு இருக்குது. திட்டாத.

– என்ன பண்ணித் தொலச்சீங்க?

– செத்தவரு பேரு கேட்டுச்சு. கம்பெனி குடுத்தபடி சவுரியப்பன்னு சொல்லணும்னு மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். அது கண்ணத் தொடச்சதப் பாத்ததும் எல்லாம் மறந்து போச்சு. சின்னப்பன், மாரண்டஹள்ளி, சர்ச்சு சந்துன்னு வாயில வந்துடுச்சு.

– அய்யோ, மாமா பேரையா! நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சும் குத்துக்கல்லாட்டம் இருந்து தோட்டத்துக்குப் போற மனுசன!

– கேளு. 'நானும் மத்தியானம் அந்தப் பக்கந்தாங்க போவேன், ஃபாரத்த வூட்டுலயே கொண்டாந்து தரேன், நீங்க அலையாதீங்க'ன்னுச்சு. நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள அடுத்த ஆள் வந்து நின்னுட்டான்.

– அதுக்குத்தான் இந்த நடையா? மாமாவுக்குப் போன் போட்டீங்களா?

– போட்டேன், எடுக்கல.

– மறுபடி போடுங்க! ஸ்பீக்கர்ல போடுங்க. அவரு செத்துட்டாருன்னு அவருகிட்டயே அந்தப் பொண்ணு வந்து சொன்னா அந்த நெஞ்சு தாங்குமா?

– அடிக்குது... ஹலோ, அப்பா? எங்க போயிருந்த?

– தக்காளிக்குத் தண்ணி கட்டிட்டு இப்பத்தான் வந்தேன். டேய் ஜேக்கபு, நான் செத்துட்டனாமே, கேட்டியா?

– மாமா, பிளசி பேசறேங்க. நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?

– எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கறேன். வாசல்ல பேங்க்காரப் பொண்ணு ஒண்ணு, சம்பங்கி மாலையும் கையுமா நிக்குது. 'சின்னப்பன் ஐயா வூடு இதுங்களா'ன்னுச்சு. நாந்தாம்மா சின்னப்பன்னு சொன்னேன், கேட்டியா.

– அப்பா, அந்தப் பொண்ணு கோவமா இருக்குதா?

– கோவமா? அப்பிடியே என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிச்சு. 'எவனோ பொய் சொல்லியிருக்கட்டுங்க ஐயா, நீங்க இருக்கறீங்களே, அது போதும்'னு சொல்லிட்டு சிரிக்குது பாரு, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த நிறுத்தாம சிரிக்குதுடா. உனக்குக் கேக்குதா?