ரஷ்யப் பீரங்கி முழங்கிய சனிக்கிழமை

“விழு! வாயைத் திற! விழு!”

கத்துவது நான்தான். தமிழில். சுற்றிலும் நிற்பவர்கள் நோர்வேக்காரர். கைகளில் கோப்பி, வாஃபல். எனக்குக் கீழே என் மனைவி துளசி. எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் முகம் புல்லில். என் நெஞ்சு அவள் முதுகில். அடுத்த ஷெல் வரப்போகிறது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

வரவில்லை. முதலாவதும் வந்திருக்கவில்லை.

சனிக்கிழமை. பகல் ஒரு மணி. ஒஸ்லோவுக்கு வெளியே, கடலோரத்தில் ஒரு பழைய கோட்டை. துளசியை நிறைய நடக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருக்கும் எல்லிங்ஸ்ருட்டில் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து அலுத்துவிட்டது என்றாள். அதனால் இங்கே வந்தோம். வந்த இடத்தில் ஒரு பீரங்கி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யாவில் வார்த்தது. முதலில் போர்க்கப்பலில் இருந்ததாம். பிறகு கரையில். பிறகு ஜெர்மன்காரர் கைப்பற்றி நோர்வேக்கு இழுத்துவந்து, கடலைப் பார்க்க நிறுத்தினார்களாம். துளசி பலகையை வாசித்துச் சொன்னாள். இங்கே பிறந்தவள். எங்கே பலகையைக் கண்டாலும் முழுவதும் வாசித்துவிட்டுத்தான் நகர்வாள். நான் குழலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புதுச் சாம்பல் பெயின்ற். வாய்க்குள் கறுப்பு.

“இப்ப வெடிக்கப்போகினமாம். வெறும் மருந்துதான், குண்டு இல்லை. நாங்கள் போவமா?”

“நிண்டு பாப்பம்” என்றேன். வீறாப்பு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு கிழட்டுப் பீரங்கிக்குப் பயப்படுவதா?

தொம்.

நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வெள்ளைப் புகை. சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். துளசி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தட்டிக்கொண்டே எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒண்டு. ரெண்டு.

வன்னிக் கரையில் எங்களுக்கு அதுதான் பழக்கம். முதலில் ஆமி முகாமிலிருந்து ஷெல் குத்தும், அதாவது ஏவும், சத்தம் கேட்கும். உடனே எண்ணுவோம். எண்ணி முடிவதற்குள் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இருக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காது போய்விடும். பிறகு விழும் சத்தம். அது காதில் கேட்டால் தப்பிவிட்டோம் என்று அர்த்தம். அள்ளித் தின்னத் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும்.

ஆறு.

எதிர்க்கரை மலையில் பட்ட சத்தம் திரும்பி வருகிறது. டும்ம். எதிரொலி. மூளைக்குத் தெரியும். உடம்பு மூளையைக் கேட்கவில்லை. பாய்ந்தேன்.

யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார். நல்ல கோபம். ஒருவன் கர்ப்பிணிப் பெண்ணை அடித்து விழுத்துவதைத்தான் அவர் கண்டார். அவரில் பிழை சொல்லமாட்டேன். துளசி மெதுவாகத் திரும்பினாள். முழங்காலில் இரத்தம். மூக்குக்கண்ணாடி நசுங்கிக் கிடந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள்.

“என்னப்பா, பிள்ளை அசையேல்லை.”

அம்புலன்ஸ். சைரன். என் கை அவள் வயிற்றில். ஒன்றுமில்லை. முன்னால் இருக்கும் அம்புலன்ஸ்காரருக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் துளசி குரலைத் தாழ்த்திக் கதைக்கிறாள்.

“சறுக்கி விழுந்தனான் எண்டு சொல்லுறன். நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. புருசன் தள்ளினது எண்டால் பொலிசுக்குப் போகும்.”

நான் அவளைப் பார்க்கவில்லை. வன்னியில் எங்கள் பங்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்ததைத்தான் அப்பாவும் செய்திருந்தார். பங்கரின் வாசலை முகாமுக்கு எதிர்ப்பக்கமாக வைத்தார். ஷெல் தரைப்பக்கமிருந்துதான் வரும். ஆகவே வாசல் கடலைப் பார்த்தது. ஒழுங்கான வேலை. பனங்குற்றி, மண்மூட்டை, எல்லாம் இருந்தது. அன்று விடியக் குத்தும் சத்தம் கேட்டது. தொம். ஓடினோம். எல்லாரும் நேரத்துக்கு உள்ளே போய்விட்டார்கள். என் சேட்டு வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறேன். வரவில்லை.

“தம்பி, ஓடி வா! ஓடி வா!”

அது அக்கா. வாசல் ஓரத்தால் எட்டி என் பக்கம் கை நீட்டுகிறாள். எண்ணிக்கொண்டிருந்த நான் அப்போதுதான் கவனித்தேன். சத்தம் வந்தது முகாமிலிருந்து இல்லை. அவளுக்குப் பின்னால் கடல். கடலில் நேவிக் கப்பல்.

ஆஸ்பத்திரி. பிரசவம் பார்க்கும் தாதி, இங்கே யூர்மூர் என்பார்கள், உயரமான பெண். எப்படி விழுந்தாய் என்று கேட்டார். துளசி வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“நான்தான் தள்ளினேன். அவளுக்கு மேலே விழுந்தேன். முழு உடம்போடும்.”

துளசி கண்ணை மூடினாள். கதைக்காதே என்று எனக்கு எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். சோதனைச் சாவடியில். அகதி முகாமில். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் வீட்டில். வாய் மூடித்தான் உயிர் தப்பினேன். ஆனால் சறுக்கி விழுந்தவளைப் பார்ப்பது வேறு. ஒரு ஆம்பிளையின் பாரம் விழுந்த வயிற்றைப் பார்ப்பது வேறு. அது தெரியாமல் இவர்கள் என் பிள்ளையைத் தேடக் கூடாது. பொலிஸ் வரட்டும். பீரங்கி, மலை, பங்கர், எல்லாம் சொன்னேன். என் நோர்வேஜிய மொழி துண்டு துண்டாக வந்தது.

யூர்மூர் கடைசிவரை கேட்டார்.

“உங்கள் எடை என்ன?”

“எண்பத்திரண்டு கிலோ.”

உடனே வைத்தியரைக் கூப்பிட்டார். வயிற்றில் களிம்பு பூசினார்கள். கருவியை வைத்தார்கள். இரைச்சல். நகர்த்தினார்கள். இரைச்சல். துளசி என் விரல்களை நெரித்தாள். எனக்குத் தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். வெட்கமில்லை. மறுபடி நகர்த்தினார்கள்.

டுக்டுக்டுக்டுக்.

“இருக்குதப்பா” என்றாள் துளசி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். பொலிஸ் வரவில்லை.

இனி இழந்தது. இதைச் சொல்லாவிட்டால் நான் சாட்சி இல்லை.

ஒஸ்லோவில், அந்தச் சனிக்கிழமை: ஒரு மூக்குக்கண்ணாடி. துளசியின் முழங்காலில் கொஞ்சத் தோல். என் வீறாப்பு.

வன்னிக் கரையில், பங்கருக்குள்: அப்பா. அம்மா. அக்கா வதனி. பக்கத்து வீட்டு மணியம் அண்ணை, அவருடைய மனைவி. அக்காவின் ஆண் குழந்தை. ஆறு பேர். குழந்தைக்குப் பெயர் இல்லை. பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்துத்தான் பெயர் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் நாள் போய்விட்டான். அவனைப் பற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் அக்காவின் பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் மகள் ஐந்து கிழமை கழித்துப் பிறந்தாள். தொப்புள்கொடி வெட்டும்போதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முப்பத்தொன்றுக்கு முன்னம் என்ன அவசரம் என்று துளசியின் அம்மா, என் மாமி, கோபித்தார்.

“பேர் இல்லாத பிள்ளையை ஒருக்கா எண்ணிப்போட்டன், மாமி” என்றேன். “இனி ஏலாது.”