முன் பெஞ்சு

நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. பேருந்தில் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். காலடிப்பேட்டையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மடியில் காலி மீன்கூடை. அவள் மகளுக்கு அடுத்த வாரம் ராயபுரத்தில், வெள்ளைக்காரர் கட்டின பழைய கிறிஸ்தவக் கோயிலில் கல்யாணமாம்.

“என் மேல மீன் வாடை அடிக்குமாம்க்கா. பொண்ணப் பெத்த நானு முன் பெஞ்சுல குந்தக் கூடாதுன்றா சம்பந்தி.”

“அவ இன்னா அம்மாம் பெரிய துரைசாணியா?”

“அப்டித்தான் சொல்லிக்கினு திரியறா. அந்தக் காலத்து வெள்ளக்காரங்க சபையில அவ பாட்டனுக்குப் பாட்டனும் ஒரு ஆளாம். துரைங்களோட எடுத்த போட்டோ கோயில்ல மாட்டிக்கீதாம்.”

“மெய்யாலுமா?”

“நேத்து போய்ப் பாத்தேன். துரைங்க, துரைசாணிங்க எல்லாம் தொப்பி போட்டுக்கினு வரிசையா குந்திக்கீறாங்க. இவரு கதவாண்ட நிக்கிறாரு. கையில கயிறு.”

“இன்னா கயிறு?”

“நானும் அதான் கோயில் பெரியவரக் கேட்டேன். மேல தொங்கற துணி விசிறிக் கயிறாம். பங்கான்னு பேரு. ஆராதனை முடியற வரிக்கும் துரைங்களுக்கு வேர்க்காம இவரு இழுத்துக்கினே இருக்கணுமாம்.”

அக்காள்காரி சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

“அப்ப கல்யாணம்?”

“பையன் தங்கம்க்கா, கல்யாணம் நடக்கும். முன் பெஞ்சுல நான்தான் குந்துவேன். சம்பந்திய ஃபேன் சுவிட்சாண்ட குந்த வெக்கிறேன். பரம்பரை வேலையாச்சே, வுட்டுப் போவக்கூடாது பாரு.”