ஏழாவது வரி

பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை, சார். ஆரியசாலைக் கடையில் மிளகாய் மூட்டைகளையும் இரண்டு தடவை எண்ணுவேன். என்மேல் எனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை. மாலை ஆங்கில வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொன்னபோது மற்றவர்கள் ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் இரண்டு வருடமாக எழுதுகிறேன். நீங்கள் ஸ்டேஷனில் எடுத்து வைத்திருப்பது நான்காவது நோட்டு.

ஆன்சன் வலியதுறைக்காரன், கடலடியில் படம் எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவனோடு முங்குவேன். அந்தமான் போவதற்கு ரீப்ரீதர் வாங்க வேண்டும் என்றான். நாம் விடும் மூச்சையே சுத்தப்படுத்தித் திரும்பத் தரும் கருவி அது. குமிழி வராது, மீன் மிரளாது. தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் விட்டான்.

"எடா பிரணவே, ஃப்ளைட்டுல கொண்டுபோகணும். சின்னதா நோக்கு. பெட்டியில ஏழு கிலோ மிச்சம் வரணும், கேட்டோ."

"ஏழு கிலோ எதுக்கு?"

"அது சஸ்பென்ஸ். நீ தராசைப் பிடி, மிளகாய்க்காரா."

பதினெட்டு நாள் ஆறு கருவிகளை ஒப்பிட்டேன். எடை, மடங்கும் அளவு, உதிரி பாகம் கொச்சியில் கிடைக்குமா என்பது வரை. கடைசியில் மார்பில் மாட்டும் பன்னிரண்டு கிலோக் கருவியைச் சொன்னேன்; அவனும் வாங்கினான். நல்ல தேர்வு. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஆனால் அந்த ஏழு கிலோ உறுத்தியது. வகுப்பில் என் பக்கத்து இருக்கை ரெஷ்மா. விமான டிக்கெட் எடுத்துத் தரும் ஆபீஸில் வேலை. ஒருநாள், "அடுத்த மாசம் நீ எங்கயும் போகலையே?" என்று கேட்டாள். மறுநாள் பழவங்காடியில் அவளும் ஆன்சனும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. தேதி போட்டு எழுதி வைத்தேன். நான் மிச்சம் பிடித்துக் கொடுத்த இடத்தில் அவளுடைய சாமான் போகும். நான் கரையில் நிற்பேன்.

கடலில் இறங்குமுன் கருவியைச் சரிபார்க்கும் பதினோரு வரிப் பட்டியலை நான் வாசிப்பேன், அவன் "ஓகே" சொல்லுவான். அதுதான் எங்கள் முறை. ஏழாவது வரி சுண்ணாம்புக் குருணை. மூச்சிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவது அதுதான். இரண்டு மணி நேரம் தாங்கும். புதிதாக நிரப்புவது என் பொறுப்பு.

அந்த ஞாயிறு காது அடைக்கிறது என்று சொல்லி வள்ளத்திலேயே இருந்துகொண்டேன். ஆறாவது வரியை வாசித்தேன். பிறகு எட்டாவதை. அவன் கேமராவைத் துடைத்தபடி "ஓகே" என்றான். உள்ளே இருந்தது போன ஞாயிறு தீர்ந்துபோன குருணை. மறந்துவிட்டாயா என்று கேட்டீர்கள். இல்லை சார், நான் மறப்பதில்லை.

குமிழி வராத கருவி. மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுடைய அடக்கம் முடிந்த மறுநாள் ரெஷ்மா ஒரு கவரைக் கொடுத்தாள். "உன் பிறந்தநாளுக்குத் தரணும்னு ஆன்சன் வச்சிருந்தது." அந்தமானுக்கு இரண்டு டிக்கெட். இரண்டாவதில் என் பெயர். ஏழு கிலோ என் முங்கும் சாமான்களுக்கு.

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏழாவது வரியையும் வாசித்திருப்பேன். என்னைத் தவிர வேறு யாரையும் நான் சந்தேகப்பட்டதே இல்லை, சார்.