ஏழாவது குழியின் வலப்பக்கம்

புதிதாக கோல்ஃப் ஆட வருகிறவருக்கு விலை குறைந்த பந்துதான் நல்லது. கிளப் கடையில் பதினான்கு வருஷமாக நான் இதைத்தான் சொல்லி வந்தேன். மலிவுப் பந்துக்கு மேல்தோல் கெட்டி. கொஞ்சம் கோணலாக அடித்தாலும் அதைப் பெரிதுபடுத்தாமல் ஏறக்குறைய நேராகப் போகும். விலை கூடிய பந்தின் தோல் மெதுவானது. மட்டை கொடுக்கிற சுழற்சியை அப்படியே வாங்கிக்கொள்ளும். கை தேர்ந்தவரிடம் அது சொன்ன பேச்சுக் கேட்கும். கற்றுக்குட்டி அடித்தால் ஒரேயடியாக வலப்பக்கம் வளைந்துவிடும். எங்கள் மைதானத்தில் ஏழாவது குழிக்கு வலப்பக்கம் குளம்.

அங்கேதான் வருகிறேன், ஐயா. நீங்கள் என் தங்கையின் கணவரைப் பற்றித்தானே கேட்டீர்கள்?

குளத்தில் விழுந்த பந்துகளை மூழ்கி எடுப்பது அவர் தொழில். கிளப்பில் அவருக்குப் பெயரே நீர்க்காக்கைதான். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. மைதானத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்குவார். கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது, சேற்றைக் கையால் துழாவித்தான் எடுக்க வேண்டும். கழுவித் துடைத்து விற்றால் உயர்ந்த பந்துகளுக்குத்தான் மதிப்பு. மலிவுப் பந்தை யாரும் சீந்த மாட்டார்கள்.

குளத்தின் வடக்கு மூலைக்கு மட்டும் அவர் போகவே மாட்டார். மோட்டார் போட்டுப் புல்லுக்குத் தண்ணீர் உறிஞ்சும் பெரிய குழாயின் வாய் அங்கே இருக்கிறது. அதை மூடியிருந்த கம்பி வலை துருப்பிடித்து விழுந்து வருஷமாகிறது. வளைகிற பந்துகள் பெரும்பாலும் அந்த மூலையில்தான் போய் விழும்.

அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. தலை பின்னிவிட்டதிலிருந்து எல்லாம் நான்தான். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

"மச்சான், கடலோரத்துல ஒரு கம்பெனில கூப்பிட்டிருக்காங்க. அடுத்த மாசம் ரெண்டு பேரும் கிளம்பறோம்."

தங்கை சிரித்தாள். "நீயும் ஒரு கல்யாணம் பண்ணிக்கோண்ணா. எத்தனை நாளைக்கு எங்களையே காவல் காத்துட்டு இருப்ப?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். காவல் என்றா சொல்வது? அவள் அறைக் கதவை இரவில் இரண்டு முறை தட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். கடல் ஆழமானது, ஐயா. அந்தத் தொழிலில் இருப்பவனை நம்பி ஒரு பெண் தெரியாத ஊருக்குப் போகலாமா? நாளைக்கு ஒன்றென்றால் அவள் தனியாக நின்றுவிட மாட்டாளா? அண்ணன் என்ற முறையில் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

மறுநாளே கடையில் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். மட்டையைப் பிடிக்கவே வராது அவருக்கு.

"உங்க கைக்கு இந்த மலிவுப் பந்தெல்லாம் ஆகாது, டாக்டர்."

"நெஜமாவா? நான் ஆடவே லாயக்கில்லன்னு என் மனைவி சொல்றா."

"வீட்ல இருக்கறவங்களுக்கு நம்ம அருமை எங்க தெரியுது?"

ஒரு டஜன் வாங்கிப் போனார். மதியத்துக்குள் பதினொன்று தண்ணீருக்குள். அவரைப் போலக் கை தேறாத எல்லோருக்கும் அதே பந்தைச் சிபாரிசு செய்தேன். மூன்றே வாரம்தான்.

பிறகு தங்கையின் கணவரிடம் சொன்னேன். "மாப்பிள்ளை, வடக்கு மூலைல நல்ல பந்தா கொட்டிக் கிடக்கு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துக்குங்க. மோட்டார் ஓடாதப்ப என்ன பயம்?"

தங்கைக்கு ஒரு தையல் மெஷின் வாங்கித் தர அவருக்கு ஆசை. சரி என்றார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இறங்குவதற்கு முன் மோட்டார் சுவிட்சின் கைப்பிடியில் தன் சட்டையை மாட்டிவிடுவார். சட்டை தொங்குகிறவரை மோட்டார்க்காரர் அதைத் தொட மாட்டார். பூட்டு, பலகை எதுவும் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறு நடந்ததில்லை.

போன திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மோட்டார்க்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் போய்ச் சட்டையை எடுத்தேன். சுருங்காமல் நான்காக மடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் வேலை. நான் எந்த சுவிட்சையும் போடவில்லை. திரும்பி வந்த மோட்டார்க்காரர் கைப்பிடியைப் பார்த்தார். ஆள் கரையேறிவிட்டார் என்று நினைத்துப் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் மோட்டாரின் சத்தம் மாறி, முக்க ஆரம்பித்தது. அது எதனால் என்று எனக்குத் தெரியும். கடைக்குள் போய்ப் பந்துப் பெட்டிகளை விலைவாரியாக அடுக்கினேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிற மோட்டார்க்காரரை விட்டுவிடுங்கள். அவர் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். சட்டையை எரித்திருக்கலாம். ஆனால் அதன் காலரை என் தங்கை தன் கையால் தைத்திருந்தாள், மனசு வரவில்லை. என் அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து உங்கள் மேஜையில் வைத்தவளும் அவள்தான் என்று சொன்னீர்கள். என் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்றும் சொன்னாளாம். அதையெல்லாம் எழுதிக்கொள்ளாதீர்கள். துக்கத்தில் இருக்கிறவள், ஏதாவது சொல்லத்தான் செய்வாள். நாலு நாளில் தானாக வருவாள், ஐயா. இனி என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?